நாற்பத்தொரு சிவப்பு வட்டங்கள்

மார்ச் 4

அன்புள்ள பரிசோதகர் ஐயாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் இறங்கினேன். இரண்டிலும் தண்ணீர் குடிக்கத்தான். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிட்டால் நல்லதல்லவா?

அக்காவுக்கு முழங்காலுக்கு மேல் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் வாய்க்குக் கட்டுப் போடவில்லையே. படுக்கையில் இருந்தபடியே அடுப்படியை நடத்துகிறாள். "உப்பு டப்பாவை எடுத்த இடத்துல வச்சியாடி?" என்று நேற்று மட்டும் நாலு தடவை. அத்தான் பாவம், காலையில் வேலைக்குப் போகும்போதுதான் முகத்தில் சிரிப்பே வருகிறது.

ஃபோனை அணைத்து வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நேற்று ஒரு மணி நேரத்தில் ஒன்பது தடவை கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் பின்னால் கேட்கிற சத்தம் என்ன என்று கேட்டீர்கள். மிக்ஸி, குழாய், அக்கா, அக்கா, மறுபடியும் மிக்ஸி. இனி எழுதுங்கள். எழுதினால் கை வலிக்கும், கேள்வி குறையும்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. கிளம்புகிற அவசரத்தில் என் வேதப் புத்தகத்துக்குப் பதிலாக உங்களுடையதை எடுத்து வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு ஒரே மாதிரி கறுப்பு அட்டை, ஒரே மாதிரி பொன் பூசிய ஓரம் என்று ஜோடியாகப் பரிசு கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். என்னுடையதைப் பழைய துணியில் சுற்றித் தபாலில் அனுப்பிவிடுங்கள். என் குறிகள் இல்லாமல் காலையில் எனக்கு எதுவும் ஓடவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, அப்படியே அனுப்பினால் போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
தையல்காரி


மார்ச் 9

அன்புள்ள தையல்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. வீடு அப்படியே இருக்கிறது. பின்கதவு தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். பால்காரர் ஐந்து நிமிஷம் தாமதமாக வருகிறார். நீ இருந்தபோது ஒரு நாளும் தாமதித்ததில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் புத்தகத்தைத் துணியில் சுற்றத்தான் எடுத்தேன். ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அதனால்தான் பிரித்தேன். அந்த வரி இல்லாவிட்டால் இந்நேரம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இருபத்தாறு வருஷமாகப் பாட்டில் பார்க்கிறவன் நான். பின்னால் விளக்கு எரிகிற பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக ஓடி வரும் கண்ணாடிப் பாட்டில்களில் குமிழி எங்கே, கீறல் எங்கே என்று தேடி, சிவப்பு மெழுகு பென்சிலால் வட்டம் போட்டு ஒதுக்குகிறவன். எங்கள் தொழிலில் குறி இல்லாத பாட்டில்தான் நல்ல பாட்டில். குறி விழுந்தால் குறை இருக்கிறது என்று அர்த்தம். உன் புத்தகத்தில் குறி விழாத பக்கமே இல்லை.

புள்ளி புள்ளியாகக் கோடு. அழுத்தமாக முழுக்கோடு. ஓரத்தில் இரட்டைக் கோடு. சின்னச் சின்ன முக்கோணம், பக்கத்தில் எண். பெருக்கல் குறி மட்டும் முப்பத்து மூன்று. எண்ணிவிட்டேன். எங்கள் ஆலையில் பெருக்கல் குறி போட்டால் அந்தப் பாட்டில் உடைக்கிற தொட்டிக்குப் போகும். நீ யாரை முப்பத்து மூன்று தடவை தொட்டிக்கு அனுப்பினாய்?

தேதிகளும் இருக்கின்றன. போன அக்டோபர் பன்னிரண்டு. நான் வெளியூர் ஆலைக்குப் போயிருந்த நாள். அன்று ஒரு முக்கோணம், பக்கத்தில் 7. அதே வாரம் வேறொரு பக்கத்தில் இன்னொரு முக்கோணம், அங்கேயும் 7. யார் இந்த ஏழு?

நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பதில் வந்ததும் புத்தகத்தை அனுப்புகிறேன்.

இப்படிக்கு
உன் கணவன்


மார்ச் 14

அன்புள்ள பரிசோதகர் ஐயாவுக்கு,

ஏழு யார் என்று கேட்டிருந்தீர்கள். ஆறுக்கு அடுத்தவர், எட்டுக்கு முந்தியவர். உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் கட்டுப் போட்ட கால் ஆடி, பிறகு வலியில் என்னைத் திட்டினாள்.

சிரித்து முடித்த பிறகு எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தக் குறிகள் என்ன என்று எவரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்களாவது கேட்பீர்கள் என்று எத்தனையோ காலை காத்திருந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? "என்னம்மா கிறுக்கிக்கிட்டே இருக்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்துவிட்டு, இப்போது விசாரணை வைத்தால் சொல்வேனா? மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை வேதபாட வகுப்பு நடத்துகிற கண்டக்டர் ஐயா எங்களுக்கு நாலு நிறப் பென்சில் கொடுத்தார். வாக்குறுதிக்கு நீலம், கட்டளைக்குச் சிவப்பு, துதிக்குப் பச்சை, எச்சரிக்கைக்கு மஞ்சள். ஒரு வருஷம் ஒழுங்காகத் தீட்டினேன். எல்லா வசனமும் ஏதோ ஒரு நிறத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. என்னுடைய நாள்தான் எந்த நிறத்திலும் சேரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த கைவேலையை வைத்து எனக்கென்று ஒரு முறை பண்ணிக்கொண்டேன். பதினாறு வருஷம் ஆயிற்று.

இப்போது என் முறை. உங்கள் புத்தகத்தை நான் தினமும் படிக்கிறேன். ஒரு குறி கிடையாது, ஒரு மடிப்புக் கிடையாது. போகட்டும், சுத்தமான மனிதர் என்று நினைத்தேன். நேற்று பார்த்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அச்சகத்தில் பொன் பூசியபோது ஒட்டியது, ஒட்டியபடியே இருக்கிறது. புத்தகம் தானாகத் திறப்பது ஒரே இடத்தில், நட்ட நடுவில். அங்கே கீழ் மூலைகள் இரண்டிலும் கட்டைவிரல் அழுக்கு.

இருபத்தொரு வருஷம், காலை ஆறு மணி, பக்கத்து நாற்காலி. என்னதான் படித்துக்கொண்டிருந்தீர்கள்?

மேலே ஒரு வரியை அடித்துவிட்டேன். கை தவறி எழுதியது. பொருட்படுத்த வேண்டாம். புத்தகத்தை அனுப்புங்கள்.

உங்கள்
தையல்காரி


மார்ச் 20

அன்புள்ள தையல்காரிக்கு,

நீ அடித்த வரியை ஆலைக்குக் கொண்டுபோய் விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தேன். நாலு தடவை அடித்தாலும் பேனா அழுத்தம் போகாது. "எனக்கு அங்கே திரும்பி வரவே மனசில்லை" என்று எழுதியிருக்கிறாய்.

கை தவறி ஐந்து வார்த்தை எழுத முடியுமா? ஆறு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவள் வராமலே இருக்கத்தான் போனாளா? இந்தப் புத்தகத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நீ சொல்லவில்லை, அதனால் தெரிந்தவரிடம் கேட்கலாம் என்று வியாழக்கிழமை சாயங்காலம் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன்.

வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டேன். புத்தகத்தை அவர் மடியில் வைத்து, "இந்தக் குறிக்கெல்லாம் என்ன அர்த்தம், இந்த ஏழு யாரு, நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவிட்டார்.

"சார், இது நம்ம முறை இல்லை. நம்மகிட்ட நாலே நிறம்தான். இது அவங்க சொந்தமா போட்டது. அவங்களைத்தான் கேட்கணும்."

"அவ சொல்லலையே."

"அப்ப சொல்ற வரைக்கும் காத்திருங்க. முப்பது வருஷம் பஸ்ல இருந்தவன் நான். டிக்கெட் இல்லாத ஆளைப் பிடிக்க வர்றவங்க முகம் எனக்குத் தெரியும். நீங்க அந்த முகத்தோட வந்திருக்கீங்க."

யாரோ சிரித்தார்கள். நான் வந்துவிட்டேன். அவர் ஏன் இரண்டு பக்கத்தோடு நிறுத்தினார் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். நான் படிக்கவில்லை. ஒரு நாளும் படித்ததில்லை. புத்தகத்தை நடுவில் பிரித்துப் பிடித்துக்கொண்டு அதற்கு மேலாக உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கத்தில் உன் முகம் மாறுகிறது, எங்கே நிறுத்துகிறாய், எங்கே சிரிக்கிறாய் என்று. இருபத்தொரு வருஷமும் உன்னைத்தான் பார்த்தேன். அது தப்பா?

இப்படிக்கு
உன் கணவன்


மார்ச் 26

ஐயா,

'அன்புள்ள' என்று எழுத இன்று கை வரவில்லை. கோபத்தில்தான். கண்டக்டர் வீட்டம்மா எனக்கு எழுதியிருக்கிறார். உங்கள் பெயருக்காக அவர் கூசிக் கூசி எழுதியிருக்கிறார், அதைப் படிக்க எனக்குத்தான் கூசியது.

பதினோரு பேருக்கு முன்னால் என் புத்தகத்தை விரித்தீர்கள். பதினாறு வருஷம் நான் கடவுளிடம் பேசியதை எடுத்துக்கொண்டுபோய், என் வீட்டுக்காரி எங்கே தப்புப் பண்ணினாள் என்று தெருவில் விசாரித்தீர்கள். என் உள்பாவாடையைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

"உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்." இதை வேறொரு புருஷன் எழுதியிருந்தால் வேறொரு பெண்ணுக்கு மனம் குளிர்ந்திருக்கும். நீங்கள் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். கடைக்குப் போய் வந்தால் ரசீதில் நேரம் பார்ப்பீர்கள். தலை ஈரமாக இருந்தால் இரண்டாம் தடவை எதற்குக் குளித்தாய் என்பீர்கள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எத்தனை நிமிஷம் நின்றார்கள் என்று எதிர்வீட்டில் கேட்பீர்கள். கேட்டுவிட்டு, "சும்மாதான் கேட்டேன்" என்பீர்கள். நம் மகள் விடுதிக்குப் போவதற்கு முன்னால், பதினைந்து வயதில் ஒரு நாள் என்னிடம், "அம்மா, நீ என்ன தப்புப் பண்ணினே?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு கீறல் பாட்டிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள், அது யாரோ ஒருவர் கையில் உடைந்தது, அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விட முடியவில்லை. அந்தக் கதை எனக்கு மனப்பாடம். மறுபடியும் எழுத வேண்டாம். நான் பாட்டில் இல்லை.

அடித்த வரியைப் படித்துவிட்டீர்கள். சரி. அடித்தது ஏன் என்று யோசித்தீர்களா? வர மனசில்லாமல் எழுதினேன். அப்படி விட மனசில்லாமல் அடித்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் எழுதியது தெரியும், அடித்தது ஏன் என்று தெரியாது.

என் புத்தகம் வராமல் இனி நான் எழுத மாட்டேன்.

(கையெழுத்துப் போட மனம் வரவில்லை.)


ஏப்ரல் 7

அன்புள்ள தையல்காரிக்கு,

இதோடு உன் புத்தகம். அதைப் பிரிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிடு.

நீ எழுதமாட்டேன் என்றதும் உன் தையல் மெஷின் இழுப்பறையைக் கிளறினேன். கடிதம் ஏதாவது இருக்கும், ஏழு அதற்குள் இருப்பான் என்று. பொய் சொல்லாமல் எழுதுகிறேன், அதற்குத்தான் கிளறினேன். கிடைத்தது, மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கு நீ வெட்டி வைத்த பழுப்புக் காகித அளவு. அதில் புள்ளிக் கோடு, முழுக்கோடு, இரட்டைக் கோடு, முக்கோணம், எண், பெருக்கல் குறி, எல்லாம் இருந்தன.

அலமாரியில் அவளுடைய பழைய சட்டை கிடந்தது. எடுத்துக் காகிதத்தின் மேல் விரித்தேன். மாதிரியையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. பெருக்கல் குறி இருந்த இடத்திலெல்லாம் பட்டன் இருந்தது. நான் உடைக்கிற தொட்டி என்று நினைத்தது பட்டன். கையில் ஒரு முக்கோணம் 3, தோளில் ஒரு முக்கோணம் 3. அதையும் இதையும் பொருத்தித் தைக்க என்று புரிந்தது. முழுக்கோட்டில் தையல் ஓடியிருந்தது. புள்ளிக் கோட்டில் தையலே இல்லை, ஊசி போன சின்ன ஓட்டைகள் மட்டும். நீ முதலில் கச்சாத் தையல் போட்டுப் பார்ப்பாயே, சரியாக இருந்தால் பிறகு அழுத்தித் தைத்துவிட்டு அதை உருவிவிடுவாயே, அதுதான் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டில் கேட்கவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

பிறகு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். இந்தத் தடவை தேதியைப் பார்க்காமல் வசனத்தைப் படித்தேன். பெருக்கல் குறி போட்ட முப்பத்து மூன்றும் சின்னச் சின்ன வசனங்கள். தினமும் காலையில் போட்டு ராத்திரி கழற்றுகிற பட்டன் மாதிரி. ஏழாம் நம்பரை இரண்டு இடத்திலும் தேடிப் படித்தேன். ஒன்று எதையும் விடாமல் பார்க்கிற கண்ணைப் பற்றி. மற்றது குறையைப் பார்த்தும் சொல்லாமல் விடுகிற அன்பைப் பற்றி. இரண்டையும் பொருத்த வேண்டும் என்று குறி போட்டிருக்கிறாய். நான் வெளியூரில் இருந்தபோது. எனக்குப் பொருத்தத் தெரியவில்லை.

பொறுத்துப்போவது பற்றிய இடத்தில் பதினாறு வருஷத்தில் ஒன்பது தடவை புள்ளிக் கோடு. ஒரு தடவைகூட முழுக்கோடு இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரிகிறது. கேட்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியது. இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், மார்ச் மாதம் முழுக்க, சந்தேகமாகப் பட்ட தேதியையெல்லாம் நான் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். ஆலையின் சிவப்பு மெழுகு பென்சிலால். உன் புத்தகத்திலேயே. நாற்பத்தொரு வட்டம். கண்ணாடி என்றால் துணியால் துடைத்தால் போய்விடும். காகிதத்தில் போகவில்லை. ரப்பர், ரொட்டித் துண்டு, வெந்நீர்த் துணி எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் நைந்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ஒரே ஒரு குறி மட்டும் புரியவில்லை. நீ கிளம்பின நாள் தேதி போட்டு, ஒருவரை ஒருவர் நம்புவது பற்றிய வசனத்துக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு. சட்டையில் அது ஓரத்தில் வருகிறது. அதற்கு அப்பால் வெட்டிவிடுவதா?

உன் கணவன்


ஏப்ரல் 19

அன்புள்ள உங்களுக்கு,

புத்தகம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாள் உங்களைச் சபித்தேன். சத்தமாகத்தான். அக்கா, "போதும்டி, அந்த மனுஷனுக்கு அங்க புரை ஏறப்போகுது" என்றாள்.

பிறகு தையல்காரி கண்ணால் பார்த்தேன். முதல் இருபது வட்டமும் காகிதம் கிழிகிறாற்போல் அழுத்திப் போட்டிருக்கிறீர்கள். போகப் போகப் பென்சில் மெலிகிறது. நாற்பத்தொன்றாவது வட்டம் முடியவே இல்லை. முக்கால் சுற்று வந்து நின்றிருக்கிறது. அங்கே நிறுத்தி வசனத்தைப் படித்தீர்களா, பென்சில் தீர்ந்துபோயிற்றா? உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று தெரியாது. சொன்னாலும் நம்புவேனா என்றும் தெரியாது.

நம்பவில்லை என்பதுதான் உண்மை. பழுப்புக் காகிதக் கதையைப் படித்தபோது, "நல்லா நடிக்கிறார், நான் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடிதான்" என்று நினைத்தேன். அதனால் ஒரு காரியம் செய்தேன். உங்கள் புத்தகத்தில் ஒட்டியிருக்கிற பக்கங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஊசியால் ஒரு வெள்ளை நூல் விட்டேன். கண்ணுக்குத் தெரியாத நூல். முப்பத்தெட்டு இடம். உங்களிடம் அனுப்பி, படிக்கிறேன் என்று நீங்கள் எழுதுகிறீர்களா பார்ப்பது, பிறகு நான் வந்து எத்தனை நூல் விழுந்திருக்கிறது என்று எண்ணுவது. இரண்டு நாள் வேலை. ரொம்ப மும்முரமாகச் செய்தேன்.

அக்கா படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "என்னடி, நீயும் பாட்டில் கம்பெனியில சேர்ந்துட்டியா?"

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். உட்கார்ந்து ஒவ்வொரு நூலாக உருவி எடுத்தேன். இப்போது உங்கள் புத்தகத்தில் எதுவும் இல்லை. பக்கங்கள் ஒட்டியபடியே இருக்கின்றன. பிரித்தால் பிரியுங்கள், பிரிக்காவிட்டால் விடுங்கள். நான் வந்து பார்க்க மாட்டேன். இதோடு அனுப்பியிருக்கிறேன்.

இரட்டைக் கோடு வெட்டுவதற்கு இல்லை. வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது ஓரத்தில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விடுவோம். பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள. அந்த வசனம் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை, இறுக்கியது. வெட்டி எறிய மனம் வராமல் துணி விட்டுவிட்டு வந்தேன். எவ்வளவு விட்டிருக்கிறேன் என்று அளந்து சொல்ல மாட்டேன்.

அக்காவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். மே மாதம் இரண்டாம் தேதி நான் வருகிறேன். வர மனசிருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. மீதிக்கு ஒரே ஒரு நிபந்தனை. எந்த பஸ், எத்தனை மணி, பக்கத்தில் யார் உட்கார்ந்து வந்தார்கள் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கடிதத்திலும் கேட்கக் கூடாது, வாசலிலும் கேட்கக் கூடாது. பஸ் நிலையத்தில் வந்து நிற்கவும் கூடாது. ஒரு தடவை கேட்டால், "சும்மாதான் கேட்டேன்" என்று கேட்டாலும், அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உங்களால் முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

தையல்காரி


ஏப்ரல் 25

அன்புள்ள தையல்காரிக்கு,

என் புத்தகம் வந்தது. தினமும் காலையில் ஆறு மணிக்கு உட்கார்கிறேன். உன் நாற்காலியில் யாரும் இல்லாததால் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை, அதனால் படிக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒட்டியிருக்கிற பக்கத்தைக் கிழியாமல் பிரிக்க உன் தையல் பிரிக்கிற கத்திதான் சரியாக இருக்கிறது. அதை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். வேறெதையும் தொடவில்லை.

முப்பத்தெட்டு நூலையும் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். நேற்று ஒரு பக்கத்தைப் பிரித்தபோது வெள்ளை நூல் ஒன்று மடியில் விழுந்தது. நீ மறந்ததா, வேண்டுமென்றே விட்டதா? பழைய ஆளாக இருந்தால் இதைக் கேட்டிருப்பேன். இப்போதும் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பதில் வேண்டாம். அந்த நூலை எடுத்து அதே பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். என் புத்தகத்தில் இருக்கிற ஒரே குறி அதுதான். இருக்கட்டும்.

பால்காரர் தாமதமாக வருவதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். நீ இருந்தால் அவர் குரல் கொடுத்துவிட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாராம். நான் வந்து அளவைப் பார்ப்பேன் என்று நம் வீட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டாம் தேதி எனக்கு லீவு. வீட்டில் இருப்பேன். பின்கதவை ஒரு தடவைதான் பார்ப்பேன். வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன். நீ வருகிற நேரத்தில் நான் அடுப்படியில் இருந்தாலும் இருப்பேன், தூங்கினாலும் தூங்குவேன். சோறு காலையில் ஒரு தடவை வடிப்பேன், மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எப்போது வந்தாலும் சூடாக இருக்கும்.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். நல்ல கறுப்பாக, ஆறேழு தடவை அடித்திருக்கிறேன். அது என்ன வரி என்று உனக்குத் தெரியும். அதை எழுதினேன் என்பதை மறைக்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் அடித்துவிட்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

உன்
பரிசோதகர்